வெளியூர் மாடு

செப்டம்பர் 8, திங்கள்

முட்டை வண்டி இன்றும் தாமதம். வந்த முட்டையிலும் கீழ்த்தட்டு முழுக்க விரிசல். டிரைவரைச் சத்தம் போட்டால், "நானா இட்டேன்?" என்று கேட்கிறான். சத்துணவு அமைப்பாளருக்கு வாய் இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சாம்பார் என்ற பெயரில் வெந்நீர்தான் கிடைக்கும். எனக்கு வாய் இருக்கிறது.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் ரயில் ஊதியது. விட்டு விட்டு அல்ல, விடாமல். அப்புறம் இரும்பு தேய்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. வடக்கேயிருந்து ராமேசுவரம் போகிற வண்டி அது. எங்கள் வடவனேந்தலில் நின்றதே கிடையாது. இன்று நின்றது.

மாடு அடிபட்டுவிட்டது. மூன்று மாடு. இரண்டு எங்கள் வீட்டுச் செவலைகள், ஒன்று எதிர்வீட்டு ராக்கு அக்காவுடையது. தண்டவாளத்துக்குக் கீழே போகிற பாலத்தில் மழைத்தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. மாடுகள் மேலே ஏறித்தான் அக்கரைப் புல்லுக்குப் போய் வருகின்றன.

என் வீட்டுக்காரர் கதிரறுவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். ரயில்வே ஆட்கள் இறங்கி வருவதற்குள் செத்த மாடுகளின் காதில் இருந்த மஞ்சள் வில்லைகளை அறுத்து எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வில்லையில் உள்ள எண்ணை வைத்து மாட்டுக்காரன் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் கேஸ், கோர்ட், அபராதம். அதுவும் எங்கள் மகள் தேன்மொழிக்கு அந்த ரயில்வேயிலேயே வேலை கிடைத்து, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று மதுரை விடுதியில் காத்துக்கிடக்கிற நேரத்தில். அப்பன் பேரில் ரயில்வே கேஸ் இருந்தால் மகளுக்கு ஆர்டர் வருமா, வராதா? இந்த ஊரில் யாரும் சட்டம் படித்ததில்லை. பயம்தான் படித்திருக்கிறோம்.

"அடுப்புல போடு பூரணம். சீக்கிரம் போடு," என்றார்.

போட்டேன். கொஞ்சம் காதும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் சமையல் கொட்டகையை விட்டுப் போகவே இல்லை.

வண்டி வெகுநேரம் நின்றது. எஞ்சினுக்கு முன்னால் ஏதோ வளைந்துவிட்டதாம், காற்றுக்குழாய் அறுந்துவிட்டதாம். சனங்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டார்கள். இந்திக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ராமேசுவரத்தில் திதி கொடுக்கப் போகிற மொட்டைத்தலைகள். பள்ளிக்கூடக் குழாயைத் திறந்துவிட்டேன். மீந்த சோற்றில் புளிக்கரைசல் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். சிவப்புச் சேலை கட்டிய ஒரு அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து, "மாடு யாருது?" என்று எல்லாரையும் கேட்டார். ராக்கு அக்காதான் முதலில் பேசியது. "வெளியூரு மாடு போல இருக்குங்கய்யா. எங்கூருல இந்த நெறத்துல மாடே கெடையாது." சொல்லும்போது முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தது. பத்து வருடம் வளர்த்த மாடு எதிரே கிடக்கிறது, வாய்விட்டு அழ முடியவில்லை. எல்லாரும் அதையே சொன்னோம். வெளியூர் மாடு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரயில் போனது. தப்பித்த கருப்பிப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு தானாக வீடு வந்து சேர்ந்தது. மேய்க்கப் போன பெரியத்தான் வரவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன், சோணைமுத்து. கல்யாணம் காட்சி இல்லாத மனிதர். திடீரென்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டிவிடுவார். பழனி, திருச்செந்தூர், எங்காவது. மாதக்கணக்கில் சுற்றிவிட்டு வந்து, காலையில்தான் கடைக்குப் போனவர் போல, "சோறு இருக்காம்மா?" என்பார். இன்றைக்கும் மாடு அடிபட்ட அதிர்ச்சியில் அப்படித்தான் கிளம்பியிருப்பார்.

என் வீட்டுக்காரர் தேடிப் போனார். ஈரத் தலையோடு திரும்பி வந்தார். பம்புசெட்டில் குளித்தாராம்.

"அண்ணனைக் காணோம். பழனிக்குக் கெளம்பிருச்சு போல," என்றார்.

"அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

தோளில் கிடந்த துண்டைக் காணவில்லை. கேட்கவில்லை.


செப்டம்பர் 9, செவ்வாய்

கருப்பி பால் இறக்க மாட்டேன் என்கிறது. பெரியத்தான் கை பழகிய மாடு. நான் உட்கார்ந்தால் காலை உதறுகிறது.

மாட்டுக்கொட்டகையில் பெரியத்தானின் பை ஆணியிலேயே தொங்குகிறது. பரதேசம் போகும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் போவார். இந்தத் தடவை வேறு பை எடுத்துப் போயிருக்கிறார்.


செப்டம்பர் 10, புதன்

தண்டவாளம் பார்க்கிற ஆட்கள் ஓடைக்கரை நாணலுக்குள் எதையோ கண்டார்களாம். ஆம்புலன்ஸ் வந்துவிட்டுப் போனது. ஊரே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. அரிசி மூட்டை இறங்கியது, அதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இவரும் போகவில்லை. தலைவலி என்று படுத்திருந்தார். வெறுந்தரையில் படுத்திருந்தார். பாயை எடுத்துப் போட்டேன், "வேணாம்" என்று காலால் தள்ளிவிட்டார்.


செப்டம்பர் 11, வியாழன்

போலீஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. போட்டோவைக் காட்டினார்கள். பார்த்தேன். தெரியாது என்றேன்.


அதே நாள், மறுபடியும்

ஒரு வரியில் எழுதி மூடி வைத்தேன். தூக்கம் வரவில்லை. நடந்ததையாவது எழுதுகிறேன்.

வந்தவர் வயசான ஏட்டு. ரயில்வே போலீஸ். நல்ல மாதிரியான மனிதர்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஊருக்குச் சோறு போடுற டீச்சரம்மா நீங்க. ஒங்களுக்குத் தெரியாத மொகம் இருக்காதுன்னு தலைவர் சொன்னாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. பயந்துக்கிறாதீங்க, மொகத்துல ஒன்னும் அடியில்ல."

செல்போனை நீட்டினார். உண்மைதான், முகத்தில் அடி இல்லை. கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். இடது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு.

"தெரியலைங்க," என்றேன்.

"மாடு மேய்ச்ச ஆளாத்தான் இருக்கணும். மாட்டுக்காரன் யாருன்னு தெரிஞ்சா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். ஆளு தெரிஞ்சா மாட்டுக்காரன் தெரிஞ்சிரும். ரெண்டுல எதையும் சொல்ல மாட்டேங்குது இந்த ஊரு."

நான் சோற்றுப்பானையின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்னு," என்றார். "ஒடம்பு மேல ஒரு துண்டு போத்தியிருந்துச்சு. பச்சைக் கட்டம் போட்ட துண்டு. அடிச்ச அடியிலேயே போன ஆளு தானா போத்திக்க முடியாதும்மா. யாரோ பாத்திருக்காக. பாத்துட்டு, போத்திவிட்டுட்டுப் போயிருக்காக. அவுக மனசு இந்நேரம் என்னா பாடுபடும்?"

பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருப்பார்களாம். யாரும் வராவிட்டால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அநாதைப் பிணம் என்று எழுதி அடக்கம் செய்துவிடுவார்களாம். சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பச்சைக் கட்டம் போட்ட துண்டு எல்லாக் கடையிலும்தான் விற்கிறது.


செப்டம்பர் 12, வெள்ளி

சாமி விளக்கு ஏற்றவில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது.


செப்டம்பர் 13, சனி

லீவு நாள். கொட்டகையைக் கூட்டி அள்ளினேன். அப்போது கொட்டகைக்குப் பின்னால் அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பெரியத்தான் எப்போது உள்ளே வந்தாலும் செருமிவிட்டுத்தான் வருவார். தம்பி பெண்டாட்டி எந்தக் கோலத்தில் இருப்பாளோ என்கிற மரியாதை. நான் அனிச்சையாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினேன். யாரும் இல்லை. கருப்பியும் காதை உயர்த்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

மாடுகள் இருமும். கருப்பி இருமியிருக்கும்.

ஆனால் கருப்பி எனக்கு முன்னால் நின்றது. சத்தம் பின்னாலிருந்து வந்தது. போகட்டும்.

இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சம்பாதிக்காத மனிதர், மூன்று வேளையும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று. வாய்விட்டே ஒருமுறை சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து நாலு வீட்டு மாட்டைச் சேர்த்து மேய்க்க ஆரம்பித்தார். மாதக்கூலியை அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுவார். தேன்மொழி பிறந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. ஒவ்வொரு வேளைக்கும் கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் செருமுவார். பசுக்களில் எதன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். என் பிள்ளையை வளர்த்தது அந்தக் கை.

இவர் இந்த வாரம் முழுக்கச் சவரம் செய்யவில்லை. கோழி அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

ராக்கு அக்கா காலையிலேயே வந்துவிட்டது. மோர் வாங்குகிற சாக்கு.

"பெரியவரு எப்ப வருவாராம்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது.

"பழனிக்குப் போனா எப்ப வருவாகன்னு யாருக்குத் தெரியும்?"

"அடியே பூரணம். எனக்கும் மாடு போச்சு. எம்மேலயும் கேஸ் வரும். அதனால நான் வாயத் தொறக்க மாட்டேன், ஊருல யாருமே தொறக்க மாட்டாக. ஆனா முழுப் பூசணிக்காய எத்தன நாளைக்குடி சோத்துல மறைப்ப?"

"என்னத்தக்கா மறைக்கிறேன்?"

"வெள்ளிக்கெழம மண்ணுக்குள்ள வெச்சிருவாகளாம்."

"யாரை?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தது. மோர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. பிறகு எடுத்துப் போகவும் வரவில்லை.


செப்டம்பர் 15, திங்கள்

வாரம் ஒருமுறை வருகிற அந்த வண்டி இன்றும் வந்தது. நிற்காமல் போனது. போகும்போது ஊதியது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, என் கையில் சோற்றுக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "டீச்சர், போடுங்க டீச்சர்," என்று முன்னால் நின்ற பிள்ளை சொல்லும்வரை நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தச் சிவப்புச் சேலை அம்மா கேட்டது எனக்குக் காதில் விழாமல் இல்லை. தெளிவாகவே விழுந்தது.

"சன்னல்கிட்டதான் ஒக்காந்திருந்தேன். தலைப்பா கட்டின பெரியவர் ஒருத்தர் மாட்டைக் கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாரே. கயித்த விட்டிருந்தா அவர் பொழச்சிருப்பாரு. தப்பிச்சிட்டாராம்மா?"

நான் அவருக்குச் சோறு வைத்துக் கொடுத்தேன். "ஆளு யாரும் இல்லம்மா. வெறும் மாடுதான்," என்றேன். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அப்போதே நான் ஓடைப்பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஒருவேளை அப்போது உயிர் இருந்திருந்தால்? ஏட்டு சொன்னார், அடித்த அடியிலேயே போயிருக்கும் என்று. ஏட்டு டாக்டரா?


செப்டம்பர் 16, செவ்வாய்

கை தவறி மூன்று தட்டு வைத்துவிட்டேன். இவர் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றாவது தட்டை இருவரும் எடுக்கவில்லை. சாப்பிட்டு எழுந்தபோதும் அது அங்கேயே இருந்தது.


செப்டம்பர் 17, புதன்

தேன்மொழி போன் செய்தாள். அடுத்த வாரம் விசாரணைக்கு நம்மூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்களாம்.

"நல்லபடியாப் பேசும்மா. ஒன் வாய வெச்சுக்கிட்டு அவங்ககிட்டயும் சண்டைக்குப் போயிராத," என்று சிரித்தாள். பிறகு, "பெரியப்பாகிட்ட குடு," என்றாள்.

"மாடு மேய்க்கப் போயிருக்காக."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. எப்பப் பண்ணினாலும் மேய்க்கவா போயிருக்காரு? ஆர்டர் வந்ததும் மொதச் சம்பளத்துல அவருக்குச் செருப்பு வாங்கணும். கால் அளவு கேக்கணும்மா. வெறுங்கால்லயே ஊரெல்லாம் நடந்தா எப்படி?"

"நான் அளந்து சொல்றேன்," என்றேன்.

வைத்ததும் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை.


செப்டம்பர் 18, வியாழன்

நாளைக்கு வெள்ளி. இவர் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனார். ஆஸ்பத்திரி வழியாக டவுனுக்குப் போகிற பஸ் வந்தது, நின்றது, போனது. இவர் அங்கேயே நின்றதைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தேன். அடுத்த பஸ்ஸும் போனது. பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். உரம் வாங்கப் போனாராம், கடை லீவாம்.

அவர் ஏறியிருந்தால் நானும் ஓடிப்போய் ஏறியிருப்பேன். இது சத்தியம். ஆனால் நான் முதலில் ஏறவில்லையே.


செப்டம்பர் 19, வெள்ளி

வீடு மெழுகினேன். துணி எல்லாவற்றையும் துவைத்தேன். விளக்கு ஏற்றவில்லை.

மழை. சாயங்காலம் முழுக்க மழை.


செப்டம்பர் 20, சனி

நாளை மகாளய அமாவாசை. வருடா வருடம் தலைவர் வேன் பிடித்து ஊர் ஆம்பளைகளை வைகைக் கரைக்குக் கூட்டிப் போவார். இந்த வருடம் போக வேண்டாம் என்று இவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. போகாவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசித்திருப்பார். ஊர் நினைப்பதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

"நானும் வர்றேன்," என்றேன்.

"பொம்பளைக யாரும் வர மாட்டாகளே."

"நான் வர்றேன்."

சரி என்றார்.


செப்டம்பர் 22, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். கரை முழுக்கக் கூட்டம். எங்களுக்கு வாய்த்த ஐயர் அவசரக்காரர். வரிசையாக ஆட்களை உட்கார வைத்து, எள்ளும் தண்ணீரும் கையில் ஊற்றி, மளமளவென்று பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். இவர் இடுப்பில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றேன்.

அப்பா பெயர் கேட்டார். சொன்னார். தாத்தா பெயர், பாட்டி பெயர், அம்மா பெயர். எல்லாம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எள்ளுத்தண்ணீர் கட்டைவிரல் வழியாக இறங்கியது. மகாளயம் என்பதால் அதோடு முடியாது. இறந்துபோன சொந்தம் எல்லாருக்கும் உண்டு.

"பெரியப்பா, சித்தப்பா, கூடப்பிறந்தவா, காலமானவா யாராவது இருந்தா பேர் சொல்லுங்கோ. விட்டுப்போயிடப்படாது," என்றார் ஐயர். அவர் அதை எல்லாரிடமும்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐயர் அடுத்த ஆளிடம் நகரப் போனார்.

"சோணைமுத்து," என்றார் இவர்.

வரிசையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நம்புங்கள், அத்தனை நாளில் அப்போதுதான் மூச்சே வந்தது.

"என்ன உறவு?"

"அண்ணன்."

"எப்போ காலமானார்?"

"முந்துன திங்கக்கெழமைக்கு முந்துன திங்கக்கெழம."

ஐயர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாசமா? கருமாதி ஆயிடுத்தா?"

"இல்லீங்க."

"தீட்டோட வந்து உட்கார்ந்திருக்கீரே! தீட்டு கழியாம மத்த பித்ருவுக்கு எப்படிக் கொடுக்கறது? கொடுத்தாலும் அவா வாங்கிக்க மாட்டாளே. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமேய்யா." கோபமாக ஆரம்பித்தவர் இவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "எழுந்திருங்கோ. போய் முதல்ல அண்ணாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ. அவர் நடுவழியில நின்னுண்டிருப்பார்."

தீட்டு என்று எங்களுக்குத் தெரியாதா? இவர் சவரம் செய்யாததும், பாயில் படுக்காததும், கறி வேண்டாம் என்றதும் எதற்காம்? நான் இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கேற்றாதது எதற்காம்? கடை பக்கத்திலேயே இருக்கிறது, எண்ணெய்க்கா பஞ்சம்? ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சாவுக்குத் துக்கம் காத்து வந்திருக்கிறோம். அதையும் மறைத்து ஆற்றுக்கு வந்து உட்கார்ந்த புத்தி எங்களுக்கு மட்டும்தான் வரும்.

படிக்கட்டில் ஏறும்போது இவர் சொன்னார். "அன்னைக்கே பாத்துட்டேன் பூரணம். நாணலுக்குள்ள கெடந்துச்சு. கை சில்லுன்னு ஆயிருச்சு. கயிறு அப்படியே கையில சுத்திக் கெடந்துச்சு. அவுத்துட்டு, துண்டப் போத்திவிட்டுட்டு வந்தேன். பாப்பா வேலை முடியட்டும், அப்புறம் தூக்கிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் எப்படித் தூக்குறதுன்னு நெனைக்கலடி."

"எனக்கும் அன்னைக்கே தெரியும்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதார். நடுத்தெருவில் ஈர வேட்டியோடு நின்று அழுதார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். வேனில் ஏறாமல் பஸ் பிடித்தோம்.

ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஏட்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எங்கண்ணனுங்க," என்றார் இவர். "மாடும் எங்க மாடுதான். ஒங்களுக்கு என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

"ஒக்காருங்க," என்றார் ஏட்டு. எழுதினார். மாடு எத்தனை, யார் யாருடையது என்று கேட்டார். எங்கள் இரண்டை மட்டும் சொன்னோம். மூன்றாவது மாடு வெளியூர் மாடு என்று நான்தான் சொன்னேன். ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். போட்டோவைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். மகளைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "கேஸ் ஒங்க வீட்டுக்காரரு பேர்லதாம்மா. புள்ளைக்கு என்னா ஆகும்னு மேல உள்ளவுகளத்தான் கேக்கணும். நான் பொய் சொல்ல விரும்பல," என்றார்.

பிறகு, "ரெண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லத்தானே செய்வார்.

பஸ் நிறுத்தத்தில் தேன்மொழிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, வில்லை, போட்டோ, வெள்ளிக்கிழமை, எதையும் விடவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதம்மா," என்றாள். "என்னைக்கும் சொல்லிராத." வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அடக்கம் செய்த சுடுகாடு டவுனுக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி. போகிற வழியில் இவர் ஒரு கடையில் பால் பாக்கெட் வாங்கினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பால் விலைக்கு வாங்கியதில்லை. பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கத் தெரியாமல் தடுமாறினார். கடைக்காரரே கத்தரித்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தார்.

அடக்கம் செய்கிறவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். "வெள்ளிக்கெழம ரெண்டு பேரு வந்தாக. ரெண்டு பேரும் யாருமில்லாதவுக. நம்பரு எழுதிக் குச்சி நட்டுத்தாங்க வெச்சேன். அன்னைக்குப் பேஞ்ச மழையில எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு," என்றார்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்மேடு. இரண்டும் ஒரே அளவு. மழையில் கரைந்து இரண்டும் ஒரே மாதிரி தட்டையாகியிருந்தன.

"இதுல எங்கண்ணன் எது?" என்று இவர் கேட்டார்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ரெண்டுல ஒன்னுங்க," என்றார். "கோவிச்சுக்காதீங்க. யாரும் வருவாகன்னு நெனக்கல."

தோண்டிப் பார்க்க வேண்டுமென்றால் தாசில்தாரிடம் போக வேண்டுமாம். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒருமுறை போட்டுவிட்டுப் போனது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. சொம்பிலிருந்த பாலை இரண்டு மேட்டிலும் பாதிப் பாதி ஊற்றினோம். நானும் ஊற்றினேன். பெரியத்தான் என்று கூப்பிட்டு, என்னை மன்னிச்சிருங்க என்று சொல்லி ஊற்றினேன். கூடவே படுத்திருப்பவர் யாரோ, அவரும் கேட்டிருப்பார். அவர் வீட்டிலும் யாராவது விளக்கேற்றாமல் இருக்கிறார்களோ என்னவோ.

இவர் மண்ணில் மண்டிபோட்டு "அண்ணே" என்று கூப்பிட்டார். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்துக் கூப்பிட்டார்.